கடற்கரைத் தூரவீச்சுப் போட்டி: விதிகளும் பாதுகாப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

களத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதும், பல வருடமாக வீசுகிறவர்கள் ஓரமாக அழைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். 'நரம்பு' என்று வருவது ரீலில் சுற்றும் நைலான் மோனோ. 'ஈயம்' முனையில் கட்டும் ஈயக்குண்டு. 'கம்பு' என்பது ராட். விதிகள் அமைப்புக்கு அமைப்பு கொஞ்சம் மாறும். நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதித்தாள் சொல்வதே கடைசி வார்த்தை.

1. இது மீன்பிடிப் போட்டியா, இல்ல சும்மா எறியற போட்டியா?

எறியும் போட்டி. தூண்டில் முள் கிடையாது, இரை கிடையாது. நரம்பின் முனையில் ஈயம் மட்டும். அலை உடையும் இடத்துக்கு அப்பால் இரையைச் சேர்க்க வேண்டும் என்ற கரைமீன்பிடிப்பின் தேவையில் பிறந்து, பிறகு தனி விளையாட்டாகப் பிரிந்தது. கடல் தூண்டில் விளையாட்டுக்கான சர்வதேச அமைப்பான பிப்ஸ்-எம் இதற்கென்றே தனி உலகப் போட்டி நடத்துகிறது.

பெயரில் கடற்கரை இருந்தாலும் போட்டி நடப்பது பெரும்பாலும் புல்வெளியில். தண்ணீரில் விழுந்த ஈயத்துக்கு எப்படி அளவு எடுப்பது?

2. ஒரு சின்ன ஈயக்குண்டுக்கு ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?

150 கிராம் ஈயம் கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பந்தின் எடை. அதை 240 மீட்டர் எறிய, காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 48 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர். காற்றும் நரம்பும் பின்னால் இழுக்கும் என்பதால் உண்மையில் கிளம்பும் வேகம் இன்னும் அதிகம். உலகின் அதிவேகப் பந்துவீச்சாளர்கள் 160-ஐத் தொடுவதே அபூர்வம்; அவர்களின் பந்தை எதிர்கொள்கிறவர் ஹெல்மெட்டும் பேடும் போட்டு, வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஈயம் அதைவிடச் சிறியது, கடினமானது, எந்தத் திசையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பறக்கும்போது கண்ணுக்கும் தெரியாது.

நரம்போடு போகும் ஈயத்தால் பெரிய ஆபத்தில்லை. அது களத்துக்குள்தான் போகும். நரம்பு அறுந்து போகும் ஈயம்தான் பிரச்சினை. கீழே வரும் விதிகளில் முக்கால்வாசி அந்த ஒன்றை நினைத்து எழுதப்பட்டவை.

3. எந்த ஈயத்துக்கு எந்த நரம்பு? மெல்லிசா போட்டா இன்னும் தூரம் போகுமே?

போகும். அதனால்தான் குறைந்தபட்சத் தடிமன் வைத்திருக்கிறார்கள். பரவலாக வழங்கும் நான்கு பிரிவுகள் இவை: 100 கிராமுக்கு 0.25 மி.மீ., 125-க்கு 0.28, 150-க்கு 0.31, 175-க்கு 0.35. இதைவிடத் தடித்த நரம்பு போடலாம், மெல்லியது போடக்கூடாது.

புதியவர்கள் இடறுவது இங்கேதான். டப்பாவில் 0.31 என்று போட்டிருக்கும், நடுவரின் மைக்ரோமீட்டரில் 0.30 காட்டும். புதிதாகச் சுற்றும்போது சரியாக இருந்த நரம்பும், பலமான பத்து வீச்சுக்குப் பிறகு இழுபட்டு மெலிந்துவிடும். நாமே ஒரு மைக்ரோமீட்டர் வைத்துக்கொண்டு, முதல் 50 மீட்டரில் ஐந்தாறு இடங்களில் அளந்து, எங்கேயும் விதியைவிட 0.01 மி.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. சாதனை வீச்சு வீசிய பிறகு நரம்பு மெல்லிசு என்று தள்ளுபடி ஆவதைப்போல் எரிச்சல் வேறில்லை.

4. பிரெய்டு சுத்தலாமா?

பிரெய்டு, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, விதித்தாள் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும். மேலே சொன்ன தடிமன் கணக்கெல்லாம் மோனோவை வைத்துப் போட்டது. அனுமதி இருந்தாலும் வெறும் விரலால் பிடித்து வீசாதீர்கள். பாரம் ஏறிய பிரெய்டு தோலை கத்திபோல அறுத்துவிடும்.

5. ஷாக் லீடர் கட்டாயமா? நேரா ஈயத்தைக் கட்டி மெதுவா வீசுனா ஆகாதா?

கட்டாயம், பயிற்சியிலும்கூட. ஷாக் லீடர் என்பது ரீல் நரம்புக்கும் ஈயத்துக்கும் நடுவில் கட்டும் தடித்த நரம்பு; வீச்சின் பாரத்தைத் தாங்குவது அதுதான். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 150 கிராம் ஈயம் நொடிக்கு 48 மீட்டர் வேகத்தில், சுமார் 5 மீட்டர் ஆர வட்டத்தில் சுழல்கிறது என்றால், நரம்பின் மேல் விழும் இழுப்பு 7 கிலோ எடைக்குச் சமம். வீச்சில் ஒரு வெட்டு இருந்தால் அந்த நொடிக்கு அதைவிடவும் எகிறும். 0.31 நரம்பு தாங்குவது ஏறக்குறைய அதே 7 கிலோதான். முடிச்சு போட்ட இடத்தில் இன்னும் குறைவு. அதாவது லீடர் இல்லாமல் முழு வீச்சு வீசினால் அறுமா என்று யோசிக்கவே வேண்டாம், எங்கே போய் விழும் என்பதுதான் கேள்வி.

பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் லீடர். கிலோவில் சொன்னால் 100 கிராமுக்கு 16, 125-க்கு 20, 150-க்கு 24, 175-க்கு 28 கிலோ. இது அடித்தளம். ஈயத்தை ஊசலாட்டி வீசும் பெண்டுலம் வீச்சுக்கு இதன் மேல் கூட்டித்தான் கட்ட வேண்டும். 80 பவுண்டு, அதாவது 36 கிலோ லீடர் போடுகிறவர்கள் நிறையப் பேர். போட்டி விதியில் லீடருக்கும் குறைந்தபட்சத் தடிமன் இருக்கும், அதையும் பாருங்கள். லீடர் பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் கீறல் கண்ணில் படும்.

6. லீடர் எவ்வளவு நீளம் வேணும்?

வீசத் தயாராக நிற்கும்போது லீடர் ரீலில் குறைந்தது 6 முதல் 8 சுற்று இருக்க வேண்டும், அங்கிருந்து கம்பு நுனி வரை, பிறகு தொங்கும் ஈயம் வரை. 4 மீட்டர் கம்பு என்றால் ரீலிலிருந்து நுனிக்குச் சுமார் 3.3 மீட்டர், தொங்கல் 2 மீட்டர். மல்டிப்ளையர் ரீலில் (வீசும்போது நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலே சுழலும் ரீல்) 8 சுற்றுக்கு 1 மீட்டர் போதும். ஸ்பூல் சுழலாமல் நரம்பு மட்டும் உருவி வரும் ஸ்பின்னிங் ரீலின் பெரிய ஸ்பூலுக்கு 1.8 மீட்டர் ஆகும். கூட்டினால் ஆறரை முதல் ஏழு மீட்டர். எட்டு மீட்டர் கட்டினால், முனை தேய்ந்ததும் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்ட இடம் இருக்கும்.

சுற்று குறைந்தால் என்ன ஆகும்? பாரம் முழுவதும் முடிச்சின் மேல் போய் உட்காரும். முடிச்சு வழுக்கும், அல்லது முடிச்சுக்குக் கீழே இருக்கும் மெல்லிய நரம்பு அறும்.

7. முடிச்சு எது நல்லது? எங்க வச்சா கையைக் கிழிக்காது?

லீடரில் ஒரு சாதாரண ஒற்றை முடிச்சு, அதன் வழியே மெல்லிய நரம்பை விட்டு, லீடரைச் சுற்றி யூனி முடிச்சாக 5 முதல் 7 சுற்று. இது போதும். எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நைலானை வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போய்விடும். லீடரின் வால் நுனியைச் சரிவாக வெட்டினால் கம்பின் வளையங்களில் தட்டாமல் போகும்.

மல்டிப்ளையர் ரீலில் முடிச்சை ஸ்பூலின் ஓரத்துக்குத் தள்ளி, கட்டைவிரல் படாத பக்கமாகச் சுற்றுங்கள். ஸ்பின்னிங் ரீலில் அது ஸ்பூலின் அடிப்பக்கம் போய்விட வேண்டும். மேல் விளிம்பில் நின்றால் கிளம்பும்போதே அடுத்த சுற்றுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

8. ஈயத்தை மாட்ட ஒரு ஸ்னாப் கிளிப் போட்டுக்கலாமா, மாத்த வசதியா இருக்குமே?

மீன்பிடிக் கடையின் சாதாரண ஸ்னாப் வேண்டாம். 36 கிலோ லீடர் கட்டிவிட்டு முனையில் 15 கிலோ தாங்கும் கிளிப் மாட்டினால், உங்கள் லீடர் 15 கிலோ லீடர்தான். நேராகக் கட்டுங்கள், இல்லையென்றால் லீடரைவிடப் பலமான, வாய் திறக்காத இணைப்பு போடுங்கள். ஈயத்தின் கம்பி வளையத்தையும் விரலால் நெருடிப் பாருங்கள். பிசிறு இருந்தால் லீடரை அறுக்கும், ஆடினால் வளையமே கழன்று வரும்.

9. களத்துல யார் எங்க நிக்கணும்?

களம் வீசும் இடத்திலிருந்து விசிறிபோல் விரியும், இரு பக்கமும் கயிறோ கொடியோ எல்லை காட்டும். வீசும் கோட்டுக்கு முன்னால், ஒருவர் வீசத் தயாராகிவிட்டால், எவரும் இருக்கக்கூடாது. விசிறிக்குள் மட்டும் என்று இல்லை, விசிறிக்கு வெளியேயும். பார்வையாளர், காத்திருக்கும் போட்டியாளர் எல்லாரும் கோட்டுக்குப் பின்னால், வீசுகிறவரிடமிருந்து நன்றாகத் தள்ளி.

பக்கவாட்டு எல்லை ஏன் அவ்வளவு அகலம் என்று கேட்பார்கள். 200 மீட்டர் தூரத்தில் 10 டிகிரி விலகினால் 35 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். 250 மீட்டரில் 15 டிகிரி என்றால் 67 மீட்டர். 10 டிகிரி பிழை நல்ல வீச்சாளருக்கும் வரும்.

10. என் முறை வந்தா என்ன வரிசையில செய்யணும்?

பெயர் கூப்பிட்டதும் கோட்டுக்குப் போங்கள். அங்கே நின்றபடி லீடரின் கடைசி இரண்டு மீட்டரை இரு விரல் நகத்துக்கு நடுவில் இழுத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் நகத்தில் தட்டும். முடிச்சு, ரீலில் லீடர் சுற்று, நரம்பு கம்பு நுனியில் சுற்றியிருக்கிறதா, வளையம் எதையாவது தாண்டிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். வளையம் ஒன்றை விட்டுவிட்டு வீசுவது எல்லாருக்கும் ஒருமுறையாவது நடக்கும். அந்த வீச்சில் ஏதாவது ஒன்று உடையும்.

பிறகு முன்னால், இரு பக்கம், பின்னால் என்று நீங்களே ஒரு சுற்று பார்க்க வேண்டும். நடுவர் பார்த்துவிட்டார் என்பது இதற்கு ஈடாகாது. அனுமதிச் சைகை வந்த பிறகுதான் ஈயத்தை ஆட்டத் தொடங்கலாம். கொடி மாறினாலோ யாராவது 'நிறுத்து' என்றாலோ ஈயத்தைத் தரையில் வைத்துவிடுங்கள், கையில் தொங்கவிட்டுக்கொண்டு பேசாதீர்கள். விட்ட பிறகு ஈயம் விழ ஏழு நொடி அளவுக்கு ஆகும். அதுவரை இடத்தைவிட்டு நகர வேண்டாம்.

11. ஈயம் அறுந்தா எந்தப் பக்கம் போகும்?

வலக்கைக்காரர் வீசும்போது கம்பு பின்னாலிருந்து வலப்பக்கமாகச் சுற்றி முன்னால் வருகிறது. நரம்பு சீக்கிரமாக அறுந்தால் ஈயம் வலப்பக்கம் போகும். விரலைத் தாமதமாக விட்டால் இடப்பக்கம் இழுக்கும். இடக்கைக்காரருக்கு எல்லாம் நேர்மாறு. ஆகவே இடக்கைக்காரர்கள் கோட்டுக்கு வரும் முன்பே நடுவரிடம் சொல்லிவிட வேண்டும், ஆட்களை அடுத்த பக்கம் நகர்த்துவார்கள்.

ஈயம் கிளம்பிய பிறகு ரீலில் சிக்கு விழுந்து அறுந்தால் அது நேராகக் களத்துக்குள் போகும். ஆனால் பின்னால் இழுக்க நரம்பு இல்லாததால், அன்றைய நல்ல வீச்சையும் தாண்டிப் போகும். களத்தின் கடைசியில் 'இங்கே வரை யாரும் வீசியதில்லை' என்று நிற்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு.

12. அறுந்த சத்தம் கேட்டா என்ன பண்ணணும்?

'டப்' என்று வெடிச்சத்தம்போல் கேட்கும். வீசியவர் உடனே உரக்கக் கத்த வேண்டும்; வெட்கப்பட்டு மௌனமாக நிற்பது குற்றம். மற்றவர்கள் ஈயத்தைத் தேடி அண்ணாந்து பார்க்காமல், முதுகைத் திருப்பி, குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஓடாதீர்கள். எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் எங்கே ஓடுவது?

13. அறுந்த ஈயம் நல்ல தூரம் போயிருக்கே, அதைக் கணக்குல எடுப்பாங்களா?

மாட்டார்கள். ஈயம் விழும்வரை நரம்பு முழுதாக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. எல்லைக்கு வெளியே விழுந்தாலும், வீசும் கோட்டை மிதித்தாலோ தாண்டினாலோ தூரம் பூஜ்யம். ஈயம் விழுந்த பிறகு நரம்பு சும்மா கிடக்க வேண்டும். சுற்றி இழுத்தால் ஈயம் நகரும், இழப்பு உங்களுக்குத்தான். ஒரே ஆள் இரண்டு முறை அறுத்தால் அன்றைக்கு உட்கார வைத்துவிடும் நடுவர்கள் உண்டு. சரியான முடிவு.

14. மல்டிப்ளையரா, ஸ்பின்னிங்கா? எது பாதுகாப்பு?

இரண்டும் அறுக்கும், வெவ்வேறு விதமாக. புதியவர் ஸ்பின்னிங்கில் தொடங்குவது எளிது.

15. மல்டிப்ளையர்ல ஒவ்வொரு தடவையும் சிக்கு விழுதே, என்ன தப்பு?

ஈயம் நொடிக்கு 48 மீட்டர் போகிறது, நிரம்பிய ஸ்பூலின் சுற்றளவு 12 சென்டிமீட்டர் என்றால் ஸ்பூல் நொடிக்கு 400 முறை சுற்றுகிறது. ஈயத்தைக் காற்று உடனே தடுக்கத் தொடங்கிவிடும், ஸ்பூல் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஈயம் கேட்பதற்கு மேல் நரம்பு வெளியே வந்து குவியும். இந்தக் குவியலில் ஒரு சுருள் மாட்டினால் அறும்.

பிரேக்கைக் கூட்டுங்கள். காந்த பிரேக் என்றால் முழுசாகத் திருகி வைத்துத் தொடங்கி, நல்ல வீச்சு மூன்று வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். மையவிலக்கு பிரேக் என்றால் கட்டைகள் எல்லாவற்றையும் போட்டே ஆரம்பியுங்கள். பேரிங்கில் நீர்த்த எண்ணெய் விட்டிருந்தால் கெட்டியானதை மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் அந்த நாளிலேயே தெரியும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பாமல் 2 மி.மீ. குறையுங்கள். நரம்பு ஒரு பக்கமாகக் குவியாமல் சமமாகப் படிய வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிக்கு விழுந்தால் தவறு கையில் இருக்கிறது. தொடக்கத்திலேயே வெடுக்கென்று இழுத்தால் கட்டைவிரலுக்குக் கீழே ஸ்பூல் வழுக்கும். அந்த அரைச் சுற்று வழுக்கல்தான் சிக்காக வெளிப்படுகிறது. ஈரக் கையால் ஸ்பூலைப் பிடிக்காதீர்கள்; ரப்பர் துண்டு ஒன்றைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துப் பிடிப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி.

16. ஸ்பின்னிங் ரீல்ல பெயில் பாதியில மூடிக்குது, விரலும் வெட்டுது. என்ன செய்யறது?

வீச்சின் வேகத்தில் கைப்பிடி தானாகச் சுற்றி, நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் கம்பியான பெயிலை மூடிவிடுகிறது. பாதி தூரத்தில் பெயில் மூடினால் நிச்சயம் அறும். போட்டிக்கு வீசுகிறவர்கள் பலர் பெயில் கம்பியையே கழற்றிவிட்டு, நரம்பை விரலால் எடுத்து உருளையில் வைத்துச் சுற்றுகிறார்கள். அது மனசு வரவில்லையென்றால் வீசும் முன் ரோட்டர் (பெயிலைத் தாங்கிச் சுழலும் பாகம்) அசையாதபடி பூட்டவாவது வேண்டும்.

விரலுக்குத் தோல் உறையோ, விரல் மூடிய கையுறையோ போடுங்கள். ஸ்பூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டிராக்கை முழுசாக இறுக்குங்கள். டிராக் தளர்ந்திருந்தால் பாரம் ஏறும்போது ஸ்பூல் திரும்பி, லீடர் விரலுக்கு மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். வெட்டு விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

17. எடுத்த உடனே பெண்டுலம் கத்துக்கலாமா?

வேண்டாம். முதலில் ஈயத்தைத் தரையில் வைத்து வீசும் முறை. ஈயம் அசையாமல் கிடப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து தொடங்கலாம், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியும். முக்கால் பலத்தில் ஐம்பது வீச்சு தொடர்ந்து களத்தின் நடுவே விழுந்தால் பெண்டுலம் பக்கம் போகலாம்.

பெண்டுலத்தில் ஈயம் காற்றில் முன்னும் பின்னும் ஊசலாடி, திரும்பி வரும் வேகத்தோடு வீச்சு சேர்கிறது. தூரம் கூடும், கூடவே ஈயம் உங்களைச் சுற்றிப் போகும் வட்டமும் பெரிதாகும். பக்கத்தில் 10 மீட்டருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. ஊசல் தாழ்ந்தால் ஈயம் தரையில் உரசி லீடர் கீறும். ஊசல் உள்ளே வந்தால் கம்பை அடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் அந்த வீச்சை நிறுத்திவிட்டு, 10-ஆவது கேள்வியில் சொன்ன நகச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

18. இதே வீச்சைக் கரையில மீன்பிடிப் போட்டியில போடலாமா?

கூட்டமான கரையிலும் பாலத்திலும் பெண்டுலத்தை அனுமதிப்பதில்லை, தலைக்கு மேல் நேராக வீசும் முறையை மட்டும் விடுகிறார்கள். அங்கே முனையில் முள்ளும் இருக்கிறது, பின்னால் ஆட்கள் நடமாடுகிறார்கள், முன்னால் நீந்துகிறவர்கள் இருக்கலாம். முள்ளையும் இரையையும் கிளிப்பில் மாட்டி நரம்போடு ஒட்டி வைக்காமல் பலமாக வீச வேண்டாம்.

19. ஒரு லீடர் எத்தனை வீச்சு தாங்கும்?

எண்ணிக்கை சொல்வது ஏமாற்று. புல்வெளியில் கல் இருந்தால் மூன்றே வீச்சில் போகும். ஒவ்வொரு வீச்சுக்கும் நகச் சோதனை, ஈயத்தருகில் அரை மீட்டரை அடிக்கடி வெட்டிக் கட்டுவது, லீடர் முடிச்சை ஒவ்வொரு போட்டி நாளும் புதிதாகப் போடுவது. லீடர் மலிவான பொருள். கஞ்சத்தனத்துக்கு இது இடமில்லை.

20. தனியா பயிற்சி எடுக்க எவ்வளவு இடம் வேணும்?

150 மீட்டர் வீசுகிறவருக்கும் 300 மீட்டர் நீளம் வேண்டும், காரணம் 11-ஆவது பதிலில் இருக்கிறது. இரு பக்கமும் நூறு மீட்டர், பின்னால் ஐம்பது மீட்டர் வெறுமையாக இருக்கட்டும். நடைபாதை, சாலை, விளையாடும் பிள்ளைகள், மேயும் மாடு எது இருந்தாலும் அது இடமில்லை. முன்னால் புதர் மறைவு இருந்தால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவர், கண்காணிக்க மட்டும்.

21. காத்து, மழை, இடி பத்தி விதி என்ன சொல்லுது?

பக்கக் காற்று ஈயத்தைவிட நரம்பைத்தான் அதிகம் தள்ளும். நரம்பு வில்லாக வளைந்து ஈயத்தை எல்லைக்கு வெளியே இழுக்கும். காற்று வரும் பக்கமாகக் குறிவையுங்கள்.

இடி பற்றி விவாதமே வேண்டாம். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். திறந்தவெளியில் 4 மீட்டர் கார்பன் கம்பைத் தூக்கிப் பிடிப்பது மின்னலுக்குக் கைகாட்டுவது மாதிரி. இடிச்சத்தம் கேட்டதும் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள்ளோ வண்டிக்குள்ளோ போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வாருங்கள். மின்கம்பிகளும் அப்படியே. வீசும் எல்லைக்குள் கம்பி போகிறதென்றால் அந்த மைதானமே சரியில்லை. நரம்பு மின்கம்பியில் மாட்டிவிட்டால் இழுக்காதீர்கள். கம்பைத் தொடாமல் விலகி, யாரையும் அருகில் விடாமல், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

22. கண்ணாடி, தொப்பி எல்லாம் உண்மையிலேயே தேவையா?

கண்ணாடி தேவை. நேராக வரும் ஈயத்தை அது நிறுத்தாது, ஆனால் அறுந்து திரும்பிச் சுருளும் லீடர் முகத்தில் அடிப்பது ஈயம் படுவதைவிட அடிக்கடி நடப்பது. காலில் வழுக்காத மூடிய ஷூ போடுங்கள். ஈரப் புல்லில் சுழலும்போது கால் வழுக்கினால் ஈயம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது. தொப்பி வெயிலுக்கு.

ஈயத்தைக் கையாண்ட பிறகு சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் நஞ்சு. களத்தில் புதைந்துபோன ஈயத்தையும் தேடி எடுத்துவிடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடில் பட்டால் அது இன்னொரு தடவை பறக்கும்.